ராஹேல் அக்காவுக்கு ஒரு ஷீல்டு

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் ஆண்டு விழா. சபை இருப்பது சுங்குவார்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தகரக் கூரைக்குக் கீழே. நான் இருப்பது அயர்லாந்தில், மழை விட்டால் ஊரே சந்தேகப்படுகிற ஒரு சின்ன ஊரில். அதனால் விழாவைப் போனில்தான் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. பாஸ்டரின் வாய் திறந்தபடியே உறைந்து போகும், குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

விழாவின் கடைசியில் ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். பலகையில் பொன் நிறத்தில் கூப்பிய இரண்டு கைகள், அதற்குக் கீழே ‘உண்மையுள்ளவள்’ என்ற எழுத்து. வாங்கிக்கொள்ள ராஹேல் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கொடுத்தவர் சபைச் செயலாளர் தேவராஜ் அண்ணன். எல்லாரும் கை தட்டினார்கள். பஸ்ஸில் யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பையைப் பிடித்திருப்பதுபோல அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கைதட்டலைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன்னால் அக்கா வேலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கூடுதலாக ஜெபத்தில் முழங்காலில் இருந்தாள். அதற்குத்தான் ஷீல்டு. அப்படி இருந்ததால் அவளுடைய வேலை நிரந்தரமாகிற வாய்ப்பு போனது. அதைப் போக வைத்தவர் ஷீல்டு கொடுத்த அதே தேவராஜ் அண்ணன். அவளை அவ்வளவு நேரம் இருக்க வைத்தவன் நான்.

2

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி ஷீலா தண்டலம் பக்கம் நர்சிங் படித்தவள். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நானும் மகள் ஜெசியும் அவளுடைய பெட்டிகளோடு பெட்டிகளாக வந்து சேர்ந்தோம். நாலு வருஷமாகிறது. ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறேன்.

படிப்பு வராவிட்டாலும் கவலைப்படுவதில் நான் பெரிய பட்டமெல்லாம் வாங்கியிருக்கிறேன். அடுப்பை அணைத்தேனா, காரைப் பூட்டினேனா, எதிரில் வந்த போலீஸ்காரர் ஏன் சிரித்தார், இப்படியே என் நாள் போகும். வந்த புதிதில் வேலை முடிந்து கிளம்பும்போது சூப்பர்வைசரம்மாவிடம், நம் வழக்கப்படி, போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். பாவம், நான் திரும்பி வருவேன் என்று அந்தம்மா கதவைப் பூட்டாமல் காத்திருந்தார். அதை நினைத்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ஷீலாவும் நானும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போய் ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நிற்க வேண்டும். இரண்டு பேரும் இன்னும் ஒன்றாகத்தான் வாழ்கிறீர்களா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். போன தடவை பயத்தில் ‘யெஸ்’ என்பதற்குப் பதிலாக ‘சாரி’ என்று சொல்லிவிட்டேன். ஷீலா என் காலை மிதித்த மிதி இன்னும் வலிக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போது, “உண்மையா இருக்கறதுக்குக்கூட ஒனக்கு இன்னொருத்தர் பதில் சொல்லணுமா?” என்று கேட்டாள்.

கேலிக்குத்தான் கேட்டாள். ஆனால் யார் யாரிடம் உண்மையாக இருக்கிறார்கள் என்று யார் விசாரிப்பது? இந்த நாட்டில் அதற்கு ஒரு ஜன்னலாவது இருக்கிறது. எங்கள் சபையில் ஷீல்டு இருக்கிறது.

3

இந்த வருஷம் கோடையில் எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் காலையிலிருந்து மாலை வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில். ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து சங்கிலியை ஒப்படைக்க வேண்டும். யோசனை பாஸ்டருடையது. சட்டம் தேவராஜ் அண்ணனுடையது. அவர் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினார்.

“லைன்ல ரிலீவர் வராம எவனாச்சும் மெஷின வுட்டு எறங்குவானா? கம்பெனிக்கே அவ்ளோ உண்மையா கீறோம். ஆண்டவருக்கு இருக்க வேணாமா? அடுத்த ஆளு போன்ல ‘வாங்கிக்கினேன்’னு சொல்ற வரிக்கும் யாரும் முழங்கால்லேர்ந்து எழுந்திரிக்கக் கூடாது.”

சபையில் பாதிப் பேர் கம்பெனிகளில் மெஷின் லைனில் நிற்பவர்கள். ரிலீவர் என்றால் இடத்தை மாற்றிவிட வரும் ஆள், அவன் வராவிட்டால் கழிவறைக்குக்கூடப் போக முடியாது என்பதெல்லாம் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆமென் சொன்னார்கள். போனில் நானும் சொன்னேன்.

எங்கள் வரிசை இப்படி. மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை ராஹேல் அக்கா. முடித்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு நடந்தால் இரண்டாவது ஷிப்ட் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அவளுக்கு அடுத்தது நான். அங்கே ஒன்றரை என்றால் கோடையில் எனக்குக் காலை ஒன்பது. எனக்கு அடுத்தது தேவராஜ் அண்ணன். அவர் ஒரு நாளும் என் போனை எடுத்து வாங்கிக்கொண்டதில்லை. வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகளின் படத்தைப் போடுவார், அவ்வளவுதான். பெரிய மனிதர், வேலை இருக்கும் என்று நானும் எழுந்துவிடுவேன்.

ராஹேல் அக்கா கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் தேவராஜ் அண்ணன் அனுப்பிய ஆளாக ஆறு வருஷமாகத் தைக்கிறாள். வீட்டுக்காரர் இல்லை. நான் ஓட்டிய பஸ்ஸில்தான் போய் வருவாள். இறங்கும்போது, “தம்பி, பிரேக்க கொஞ்சம் மெதுவா போடு, என் தூக்கம் கெடுது” என்பாள். இந்த வருஷம் கம்பெனி, கான்ட்ராக்ட் பெண்களில் சிலரைத் தன் சொந்த ஆட்களாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. மூன்று மாசத்தில் ஒரு நாள்கூடச் சொல்லாமல் லீவு போட்டிருக்கக் கூடாது. பெயரைக் கான்ட்ராக்டர் கொடுக்க வேண்டும். நிரந்தரம் என்றால் என்ன? அடுத்த மாசமும் வேலை உண்டு என்று தெரிந்து தூங்குவது. என்னைப்போல் தூக்கம் வராதவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

4

இந்த நாட்டில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று எல்லாருடைய கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். காலை வெளிச்சத்தை வீணாக்காமல் இருக்கவாம். இந்த மேகத்துக்குள் என்ன வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களோ. ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தை மாற்றினேன். அடுப்பில் இருப்பதை மாற்றினேன், காரில் இருப்பதை மாற்றினேன். இத்தனையையும் மாற்றியவனுக்கு, சுங்குவார்சத்திரத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை என்பது உறைக்கவில்லை. முந்தின வருஷங்களில் ஊர் மணியைப் பார்த்துச் செய்ய எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை எனக்கு எட்டு மணியானபோதே அங்கே ஒன்றரை ஆகிவிட்டது. நான் ஷீலாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மழையில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஒன்பதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்ற நினைப்பு. சும்மா இருக்கும்போது போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறவன், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அபராதத்துக்குப் பயந்து தொட மாட்டேன். மணி அடித்திருந்தால் ஓரம் கட்டியிருப்பேன். அடிக்கவில்லை. முந்தின வாரம் கடையில் வரிசையில் நிற்கும்போது என் போன் ஜெபப் பாட்டைச் சத்தமாகப் பாடிவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று ஜெசி அதை ஊமையாக்கி வைத்திருந்தாள். அவளுக்குப் பதினாலு வயசு. எங்களோடு சர்ச்சுக்கு வருவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. “அது உங்க சர்ச் டாடி. என்னோடது இல்ல” என்று ஒரு நாள் சொன்னாள், வேறு யாருடைய செருப்பையோ போடச் சொன்னதுபோல.

ஒன்பது மணிக்குச் சரியாக முழங்காலிட்டு, அக்காவின் அழைப்புக்காகப் போனைக் கையில் எடுத்தேன். திரை முழுக்க அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த அடையாளம். திரும்பக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

“வந்துட்டியா தம்பி? ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு பயந்துட்டேன். இந்தா, வாங்கிக்கோ.”

“அக்கா, நீங்க இன்னும் வூட்லயா கீறீங்க? பஸ்சு?”

“அது அப்பவே பூடுச்சி. மொதல்ல வாங்கிக்கினேன்னு சொல்லு. முட்டி கழண்டுடும் போல கீது.”

“வாங்கிக்கினேன்க்கா.”

அவள் எழுந்திருக்கும்போது பக்கத்தில் ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. அப்புறம் ஷேர் ஆட்டோ மாறி மாறி ஒரகடம் போயிருக்கிறாள். ஷிப்ட் தொடங்கி நேரமாகிவிட்டது, உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொல்லாமல் வராத நாள் என்று பதிவாகிவிட்டது.

5

நான் தேவராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் பெரிய மனிதர் ஒருவரை நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, தப்பு என்னுது. இங்க கடியாரம் மாத்துனத நான் ரோசன பண்ணல. அக்கா சங்கிலிக்காகத்தான் எழுந்திரிக்காம இருந்தாங்க.”

“தெரியும்பா. அந்தம்மா சொல்லிச்சி. கேட்டுகினு இருக்கும்போதே எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சி. இன்னா ஒரு உண்மை பாரு.”

“அப்ப அந்த ஒரு நாள கேட்டு வாங்குன லீவுன்னு போட்டுடுங்கண்ணே. அது ஒங்க கையிலதான கீது.”

“சபை வேற, கம்பெனி வேற தம்பி. ரெண்டையும் கலக்கக் கூடாது. ஒருத்தருக்குப் போட்டா, நாளிக்கு அல்லாரும் ஜெபம்னு சொல்லிகினு வந்து நிப்பாங்க.”

“ரிலீவர் வராம எழுந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?”

“ஆண்டவர் அவங்களுக்கு வேற வாசலத் தொறப்பாரு. நீ கவலப்படாத.”

என்னிடம் போய்க் கவலைப்படாதே என்கிறார்.

கலக்கக் கூடாதாம். லைன் சட்டத்தைச் சபைக்குள் கொண்டுவந்தபோது கலக்கலாம். அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவள் லைனில் அடிபட்டபோது கலக்கக் கூடாது. வாசலைத் திறக்கும் பொறுப்பை ஆண்டவரிடம் விட்டுவிட்டார். மூடுகிற வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

6

ஆண்டு விழாவில் பாஸ்டர் அக்காவை வைத்தே பிரசங்கம் செய்தார். உண்மை என்றால் அசையாமல் இருப்பது என்றார். பஸ் போயிற்று, சகோதரி அசையவில்லை, நீங்கள் எதற்கெல்லாம் அசைகிறீர்கள் என்று கேட்டார். முன்வரிசையில் தேவராஜ் அண்ணன் தலையை அசைத்தார். அவர் அசைத்தது அது ஒன்றைத்தான்.

வேதம் படித்தவர்கள் என்னைத் திருத்தலாம். இவர்கள் பேச்சில் உண்மை எப்போதும் கீழேயிருந்து மேலே ஏறுகிறது. தையல்காரி கான்ட்ராக்டருக்கு உண்மையாக இருக்க வேண்டும், விசுவாசி பாஸ்டருக்கு, பெண்டாட்டி புருஷனுக்கு. மேலேயிருந்து ஒரு சொட்டாவது இறங்குகிறதா என்றால் இல்லை. நான் ஓய்வுநாள் பள்ளியில் கற்றது வேறு மாதிரி. ஆண்டவர் உண்மையுள்ளவர் என்றால், மேலே இருக்கிற அவர் கீழே இருக்கிற நம்மிடம் சொன்ன சொல் மாறாதவர் என்று அர்த்தம். நாம் அவரை விட்டுப் போனாலும் அவர் நம்மை விட்டுப் போகமாட்டார். எட்டாவது வரை படித்தவனுக்குப் புரிந்த கிறிஸ்தவம் இவ்வளவுதான். அப்படியானால் உண்மையைக் கற்றுக்கொள்ள வேண்டியது முதலில் யார்? கையில் நாலு பேருடைய பிழைப்பை வைத்திருப்பவன்தானே. அவனுக்கு யாரும் ஷீல்டு செய்து வைப்பதில்லை, கொடுக்க ஆள் கிடைக்காது என்பதால் இருக்கலாம்.

வெளிநாட்டுக்காரர்களாகிய எங்களையும் சும்மா விடுவதற்கில்லை. அன்றைக்கு நேரலையின் ஓரத்தில் துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் ‘மகிமை, மகிமை’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வேலை என்னாயிற்று என்று ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதினேனா? இல்லை. என் அம்மா அதே சபையில்தான் இருக்கிறாள், அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் விட்டுவிடுவார்களோ என்று கட்டை விரலை மடக்கிக்கொண்டேன்.

7

இந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா சரியான நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

“ஷீல்ட எங்கக்கா வச்சிக்கிறீங்க?”

“அரிசி டப்பா மூடி சரியா உக்காராது. அது மேல வச்சா நல்லா வெயிட்டா கீது.”

“பேரு எப்பக்கா குடுக்கறாரு?”

“இன்னிக்கு சாயந்தரமாம். நம்முது இல்ல. வுடு தம்பி, இந்தா வாங்கிக்கோ. பஸ்சு வந்துடும்.”

வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம் நான் ஜெபித்த லட்சணத்தை ஆண்டவர் மன்னிக்கட்டும், முழுக்கத் தேவராஜ் அண்ணனோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வழக்கம்போல் குழுவில் கூப்பிய கைகள் வந்து நின்றன. நான் எழுந்திருக்கவில்லை. குழுவில் எழுதினேன்: ‘தேவராஜ் அண்ணனுக்கு. ரிலீவர் போனில் வரவில்லை. சட்டப்படி நான் முழங்காலில்தான் இருக்கிறேன்.’

பாஸ்டர், ‘தம்பியின் வைராக்கியத்துக்காக ஸ்தோத்திரம்’ என்று போட்டார். அவருக்கு விளங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எழுதினேன்: ‘ராஹேல் அக்கா இதே சட்டத்துக்காக முழங்காலில் இருந்த நாளை லீவாக மாற்றிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. அதுவரைக்கும் நான் எழுந்திருக்கப் போவதில்லை.’

அனுப்பிவிட்டு மணியைப் பார்த்தேன். பத்து மணிக்கு நான் சலவைக்கூடத்தில் இருக்க வேண்டும். சூப்பர்வைசரம்மாவைக் கூப்பிட்டு, “மை ரிலீவர் நாட் கம்” என்றேன். யாருக்கு யார் ரிலீவர் என்று அந்தம்மா குழம்பிவிட்டார். பத்தரைக்குள் வராவிட்டால் இல்லத்து மேலாளரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். வேலை போனால் என்ன சொல்வது, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இந்தத் தடவை எதற்கு சாரி சொல்வது என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

ஜலதோஷத்தால் பள்ளிக்குப் போகாத ஜெசி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“இன்னும் ப்ரே பண்றீங்களா டாடி?”

“இல்லம்மா. மாட்டிகினு இருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இவ்வளவு நேரம் நான் பேசிக் கேட்டு வருஷங்கள் ஆகிறது. கடைசியில், “ஸோ, நீங்க எந்திரிச்சா அந்த அங்கிள் ஜெயிச்சிடுவாரு” என்றாள்.

“கிட்டத்தட்ட.”

“போன குடுங்க. நீங்க வேலைக்குப் போங்க.”

“ஜெபம் பண்ணணுமே ஜெசி.”

“அது எனக்கு வராது. ஆனா எந்திரிக்காம இருக்க வரும்.”

“அப்ப வாங்கிக்கினேன்னு சொல்லு.”

கண்ணை உருட்டினாள். “வாங்கிக்கிட்டேன்” என்றாள்.

8

போன் இல்லாமல் வேலைக்குப் போனது அன்றுதான். எத்தனை விரிப்பைத் தப்பாக மடித்தேனோ. வீட்டுக்கு வந்தபோது ஜெசி சோஃபாவில் படுத்திருந்தாள். போன் சார்ஜில் இருந்தது. குழுவைத் திறந்து பார்த்தேன். ‘ரிலீவர் வரல’, ‘ரிலீவர் வரல’ என்று இங்கிலீஷ் எழுத்தில் கீழே கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

“அங்கிள் கால் பண்ணாரு,” என்றாள். “அப்பாகிட்ட குடும்மான்னாரு. அப்பா ஷிப்ட் முடிஞ்சு போயிட்டாங்க, இப்ப நான்தான் இங்க இருக்கேன்னேன். ஆன்ட்டியோட நாள மாத்திட்டு கால் பண்ணுங்கன்னேன். கத்தினாரு. வச்சிட்டேன். இப்ப ஜெசிதான் இருக்கேன்னு குரூப்லயும் போட்டேன். அப்புறம் மஸ்கட்லேர்ந்து ஒருத்தர், ‘அண்ணே, சின்னப் பொண்ண எவ்ளோ நேரம் முட்டி போட வைப்பீங்க’ன்னு போட்டாரு. அதுக்கப்புறம் நெறைய பேரு போட்டாங்க. பாஸ்டர்கூட. மறுபடியும் கால் பண்ணி, மாத்தியாச்சு, வாங்கிக்கிட்டேன்னாரு.”

நான் நம்பவில்லை. அவர் ஒரு நாளும் ‘வாங்கிக்கினேன்’ என்று வாயால் சொன்னவரில்லை. மறுநாள், அக்கா பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

“பேரு குடுத்துட்டாராம் தம்பி. என்ன நேரா பாக்காம, செவுத்தப் பாத்துகினு சொன்னாரு. கம்பெனி எடுக்குதா இல்லியான்னு இனிமேதான் தெரியும்.”

எடுக்காவிட்டால் என்ன செய்வது, எடுத்தாலும் அவர் பழி வாங்கினால் என்ன செய்வது என்று நான் அடுத்த கவலையை ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“ஆமா, அந்தப் பொண்ணு அவ்ளோ நேரமும் முட்டிலயா இருந்துச்சி?”

எனக்குப் பொய் வரவில்லை. “சோஃபாலக்கா. படுத்துகினு, போர்வையப் போத்திகினு.”

அவள் சிரிப்பது கேட்டது. பின்னால் நெடுஞ்சாலையில் பஸ் ஹாரன் அடித்தது.

“பரவால்ல வுடு,” என்றாள். “லைன வுட்டு எறங்கலயே.”